செட்டிநாட்டுப் பக்கம் பேய் உலாவும் வெள்ளைக்காரர் கல்லறை உண்டா?

"டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு காரைக்குடி வந்து தங்குகிறோம். செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடிக் கல், பிள்ளையார்பட்டி எல்லாம் திட்டத்தில் இருக்கிறது. மகனுக்குப் பதினான்கு வயது, பேய்க்கதை என்றால் உயிர். வெள்ளைக்காரர் காலத்துச் சர்ச், பக்கத்திலேயே பழைய கல்லறைத் தோட்டம், அதைச் சுற்றி ஊர்க்கதை என்று ஏதாவது இடம் அங்கே உண்டா? இரவில் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மனதில் வைத்திருக்கிற மாதிரி ஓர் இடம் செட்டிநாட்டு ஊர்களுக்குள் கிடையாது. வெள்ளைக்காரர் சமாதிகள் வரிசையாகச் சேர வேண்டுமென்றால் அவர்கள் ஓர் ஊரில் கும்பலாகக் குடியிருந்திருக்க வேண்டும். பட்டாளம் இருந்த ஊர், துறைமுகம், ரயில்வே காலனி இப்படி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எதிலும் அது இல்லை. இது ஜமீன் சீமை. ராமநாதபுரம் தனி மாவட்டம் ஆனதே 1910-இல்தான், அப்போதும் கலெக்டர் உட்கார்ந்தது மதுரையில். துரை குதிரையில் வருவார், காரில் வருவார், விருந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இங்கே சாகிற அளவுக்கு எந்தத் துரையும் தங்கவில்லை. சொல்லப்போனால் கதை தலைகீழ். இந்த ஊர்க்காரர்கள்தான் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய் அங்கே செத்தார்கள்.

ஆனால் காலனி காலம் என்பதை இங்கிலீஷ்காரனோடு நிறுத்திக்கொள்ளாமல், போர்த்துக்கீசியச் சாமியார்களையும் பிரெஞ்சுச் சாமியார்களையும் சேர்த்துக்கொண்டால், கதை மாறிவிடும். தேவகோட்டையிலிருந்து கார் எடுத்தால் ஒரே பகலில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் ஓரியூரும் சருகணியும் இருக்கின்றன. இந்தப் பக்கம் திருப்பத்தூரும் காளையார்கோவிலும். நாலு இடத்திலும் சாவு இருக்கிறது, கதை இருக்கிறது. பேய் மட்டும் நீங்கள் எதிர்பார்க்கிற வடிவில் இருக்காது. அது ஏன் என்பதைத்தான் உங்கள் மகனுக்கு நான் சொல்ல ஆசைப்படுகிறேன். வெறும் பேய்க்கதையைவிட அது சுவாரசியம்.

முதலில் ஓரியூர். ஜான் தெ பிரித்தோ என்கிற சேசுசபை (கத்தோலிக்கத் துறவிகள் சபை) சாமியார் வெட்டுப்பட்ட இடம். இந்தப் பக்கத்தில் அருளானந்தர் என்றால்தான் தெரியும். 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர், போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசனோடு சேர்ந்து வளர்ந்தவர். மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, பண்டாரச் சாமி போல மரக்கறி தின்று மறவர் சீமை முழுக்க நடந்தார். ஒருமுறை பிடித்து அடித்து விரட்டினார்கள். லிஸ்பனுக்குப் போனார். அங்கேயே இருந்துவிடச் சொல்லி அரசரே கேட்டும் திரும்பி இங்கேயே வந்தார். தடியத் தேவர் என்கிற மறவர் தலைவர் கிறிஸ்தவராகி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிக்கு உறவுப் பெண். அவள் அழுதுகொண்டு போய் நின்றாள், முடிந்தது கதை. 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை, பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். கை கால்களையும் வெட்டி, உடலைக் கழுமரத்தில் ஏற்றினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம்மூர்க் கணக்குப்படி பேயாவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இந்தச் சாவில் இருக்கிறது. அகால மரணம். வெட்டுப்பட்ட உடல். அந்நிய மண். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, முறைப்படி அடக்கமும் இல்லை. என் அப்பத்தா இருந்திருந்தால் அந்தப் பக்கம் கறிச்சோறு எடுத்துக்கொண்டு போகக்கூட விட்டிருக்க மாட்டார். அப்படியே போனாலும் தூக்குவாளிக்குள் ஒரு கரித்துண்டைப் போட்டுத்தான் அனுப்பியிருப்பார்.

நடந்தது வேறு. ஓரியூருக்கு இன்றைக்கும் ஜனங்கள் மொட்டை போட வருகிறார்கள். ஆடு வெட்டி, அங்கேயே சமைத்து, சொந்தபந்தத்தைக் கூட்டி வைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். பிள்ளை வரம் கேட்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும்தான். அங்கேயுள்ள சிவப்பு மண்ணை அவர் ரத்தம் தோய்ந்த மண் என்று பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இரும்பு கலந்த மண் சிவக்கும், இந்தச் சீமையில் வேறு இடங்களிலும் சிவந்த மண் உண்டு என்பது வேறு விஷயம். பொட்டலம் கட்டுகிறவரிடம் போய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 1947-இல் ரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. ஊர் அதற்கு ரொம்ப முன்னாலேயே கொடுத்துவிட்டது.

வெட்டுப்பட்டுச் செத்தவனை இந்த மண் பேயாக விட்டு வைப்பதில்லை, சாமியாக்கிவிடும். நம் கருப்பரும் முனியும் பட்டவனும் பலர் இப்படி வந்தவர்கள்தான். பயம்தான் முதல் படி. அப்புறம் ஒரு கல், ஒரு விளக்கு, வருஷத்துக்கு ஒரு படையல். சோறு போட்டுவிட்டால் அலைய வேண்டியதில்லை, காவலுக்கு நின்றுகொள்ளும். வெள்ளைத்தோல் என்பதற்காக இந்த வழக்கம் மாறவில்லை.

இதற்கு நல்ல சாட்சி இன்னும் தெற்கே இருக்கிறது. 1809-இல் திருவிதாங்கூர்த் தளவாய், அதாவது முதல் மந்திரி, வேலுத்தம்பியோடு நடந்த சண்டையில், திருவிதாங்கூர்க் கோட்டை வரிசையைக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை பிடித்தபோது போல் என்று ஓர் இங்கிலீஷ் கேப்டன் படுகாயப்பட்டுச் செத்தான். திருநெல்வேலிச் சீமையில் ஒரு மணல்காட்டில் புதைத்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் அவன் சமாதிக்குப் படையல் வைத்துக் கும்பிட்டதைக் கால்டுவெல் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். என்ன படையல் தெரியுமா? சாராயமும் சுருட்டும். மிஷனரிகளுக்கு அது சிரிப்பாகவும் அதிர்ச்சியாகவும் இருந்திருக்கும். நமக்கு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. முனீஸ்வரனுக்கு என்ன வைப்போமோ அதையே துரைக்கும் வைத்திருக்கிறார்கள். அவன் உயிரோடிருந்தபோது எதை விரும்பினானோ அதுவும் அதுவேயாக இருந்ததுதான் வேடிக்கை.

ஆக, இங்கிலாந்துக் கதைகளில் சர்ச் வளாகம்தான் பேயின் வீடு. நம் பக்கம் மாதா கோயில் பேய்க்கு ஆகாத இடம். பேய் பிடித்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற இடம் அது. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் மகனை அதற்காக அங்கே அழைத்துப் போகாதீர்கள். மனசு சரியில்லாத மனிதர்களைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சருகணி இன்னும் அமைதியான ஊர். சேசுசபையை 1773-இல் போப்பாண்டவரே கலைத்தார். 1814-இல் சபை மறுபடி உயிர்பெற்றது, 1838-இல் பிரெஞ்சுக்காரச் சேசுசபையினர் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். அந்த வரிசையில் பிற்காலத்தில் வந்தவர் லெவே அடிகளார். 1884-இல் பிரான்சில் பிறந்தார், 1973-இல் சருகணியில் இறந்தார். இந்த வறட்சிச் சீமையில் ஏழைகளோடு கிடந்த மனிதர். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது, மெழுகுவர்த்தியும் பூவும் இல்லாமல் பார்ப்பது அரிது. இந்தக் கோயிலுக்கு மருது சகோதரர்கள் மானியம் விட்டதாக ஊரில் சொல்வார்கள். வயதாகி, படுக்கையில் நிம்மதியாகப் போன சாவு என்பதால் உங்கள் மகனுக்கு இங்கே கதை கிடைக்காது. நீங்கள் போய்வாருங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க நல்ல இடம்.

நேரம் மிச்சமிருந்து மானாமதுரைப் பக்கம் போவதாக இருந்தால் இடைக்காட்டூரில் 1894-இல் பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் கட்டிய கோதிக் கோயில் இருக்கிறது. கட்டடத்துக்காகப் பார்க்கலாம். நம் விஷயத்துக்கு அது அவ்வளவாக உதவாது.

திருப்பத்தூருக்கு வருவோம். வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். போனில் வழி போடும்போது கவனியுங்கள், இருநூறு மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடும். 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைக் கும்பெனிக்காரர்கள் தூக்கில் போட்ட ஊர் இது. அவர்கள் நினைவிடம் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் தூக்கில் போட்டவர்களின் சமாதி இன்னொரு வெள்ளைக்கார மிஷனின் இடத்தில். நீங்கள் கேட்ட 'காலனி காலக் கல்லறை' என்பதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை, சர்ச் கோபுரம் பின்னால் தெரியாவிட்டாலும்.

தலைகளைக் காளையார்கோவிலில், கோபுரத்துக்கு எதிரே புதைத்ததாகச் சொல்வார்கள். அதுவே அவர்களின் கடைசி ஆசை என்பது ஊர் வழக்கு. கோபுரத்தைப் பீரங்கி வைத்துத் தகர்ப்போம் என்று வெள்ளைக்காரன் மிரட்டியதால்தான் பெரிய மருது பிடிகொடுத்தார் என்றும் சொல்வார்கள். அதே காளையார்கோவிலில்தான் 1772-இல் சிவகங்கை ராஜா முத்துவடுகநாதரைக் கும்பெனிப் படை கொன்றது. உடல் ஓர் ஊரில், தலை ஓர் ஊரில் என்றால் வேறு தேசத்தில் தலையில்லாத குதிரைவீரனை ராத்திரியில் ஓட விட்டிருப்பார்கள். இங்கே அக்டோபர் கடைசியில் குருபூஜை நடக்கிறது. மாலையும் பால்குடமும் முளைப்பாரியுமாக ஊரே திரளும். அந்த வாரத்திலும் பசும்பொன் குருபூஜை நாளான அக்டோபர் 30-ஐ ஒட்டியும் சாலைகளில் போலீஸ் கட்டுப்பாடு இருக்கும், வெளியூர் வண்டிக்குச் சிரமம். நீங்கள் டிசம்பரில் வருவது நல்லதாகப் போயிற்று.

குதிரை என்றதும் ஒன்று. ராத்திரியில் குளம்புச் சத்தம் கேட்டது, வெள்ளைக் குதிரையில் யாரோ போனார்கள் என்று இந்தப் பக்கம் கிராமத்தில் யாராவது சொன்னால் அவசரப்பட்டு அது துரையின் ஆவி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அய்யனார் ஊர்க்காவலுக்குச் சுற்றி வருகிறார் என்பதுதான் இங்கே அதன் பொருள். கண்மாய்க்கரைக் கோயில்களில் வரிசையாக நிற்கிற மண்குதிரைகள் அவருக்கு எடுத்தவை. புரவி எடுப்பு என்று திருவிழாவே உண்டு. உங்கள் மகன் அந்தக் குதிரைகளைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் போதும், சர்ச் கல்லறையை மறந்துவிடுவான்.

இரவில் போகலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம். பேய் காரணமல்ல. சுருட்டை விரியன் இந்த வறண்ட சீமையில் சாதாரணம். ஒரு முழ நீளம்தான் இருக்கும், கல் இடுக்கிலும் சருகிலும் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், கடித்த தடமே சரியாகத் தெரியாது. பழைய கல்லறைகள் செங்கல் பெயர்ந்து பொந்து விழுந்து கிடப்பவை, கூடவே சீமைக்கருவேல முள். பகலிலும் செருப்பை விட ஷூ நல்லது. கடித்துவிட்டால் பச்சிலை, மந்திரிப்பு என்று அலையாமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

இன்னொன்று, சட்டம். யாருடைய மனதையாவது புண்படுத்தும் நோக்கத்தோடோ, புண்படும் என்று தெரிந்தோ அடக்க பூமிக்குள் அத்துமீறி நுழைந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 301-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 297 என்று இருந்ததுதான். நீங்கள் யாரையும் புண்படுத்தப் போவதில்லை, சரி. ஆனால் நள்ளிரவில் கேமராவும் டார்ச்சுமாகச் சுவர் ஏறிக் குதிக்கிற ஆளின் நோக்கம் என்ன என்று ஊர்க்காரர்கள் நின்று நிதானமாக விசாரிக்க மாட்டார்கள். பேய் பிடிக்கும் கருவி என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ போடுகிறார்களே, அது காந்தப்புலத்தை அளக்கிற மீட்டர். பக்கத்தில் கரண்ட் கம்பி போனாலே விளக்கெரியும்.

பகலில், பூசை முடிந்த பிறகு போங்கள். பங்குச் சாமியாரிடமோ கோயில்பிள்ளையிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். "இங்கே பேய் இருக்கா?" என்று ஆரம்பித்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், சிலருக்குக் கோபமும் வரும். "இது யாருடைய கல்லறைங்க?" என்று கேளுங்கள். அப்புறம் கதை தானாக வரும், நீங்கள் கேட்காத பேய்க்கதையும் சேர்ந்து வரும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் சமயம் என்றால் இன்னும் நல்லது. சுண்ணாம்படித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செத்தவருக்குப் பிடித்த பலகாரத்தைக்கூடக் கொண்டுவந்து வைப்பார்கள். நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குப் படைப்பு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது.

எழுத்து மங்கிய கல்லைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கல்லோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். வெட்டெழுத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். காலையிலும் மாலையிலும் வெயிலே அந்த வேலையைச் செய்யும். சாக்பீஸ் தேய்ப்பது, பிரஷ் போட்டுச் சுரண்டுவது, தண்ணீரில் ஆசிட் கலந்து கழுவுவது எதுவும் கூடாது. பாசியோடு சேர்ந்து கல்லும் பெயர்ந்துவிடும். பெயருக்குப் பின்னால் 'எஸ். ஜே.' என்றிருந்தால் சேசுசபைக்காரர். மண்டையோடும் குறுக்கு எலும்பும் செதுக்கியிருந்தால் கடற்கொள்ளைக்காரனோ பில்லிசூனியமோ அல்ல, 'நீயும் ஒருநாள் சாவாய்' என்று படிக்கிறவனுக்கு நினைவூட்டுகிற பழைய ஐரோப்பிய வழக்கம். அதை நன்றாகப் பார்க்க ஆசை என்றால் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போக வேண்டும். வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். அங்கே கிலி பிடிக்கவில்லை என்றால் பையனுக்கு எங்கேயும் பிடிக்காது.

செட்டிநாட்டுக்குள்ளேயே பேய்க்கதை வேண்டுமென்றால் அது கல்லறையில் இல்லை, பூட்டிய வீடுகளில் இருக்கிறது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சி, 1942-இல் பர்மாவுக்குள் ஜப்பான்காரன் நுழைந்தது, இரண்டும் சேர்ந்து பல வீடுகளின் வருமானத்தை அறுத்துவிட்டன. பங்காளிகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். கல்யாணம், சாந்தி என்றால் திறப்பார்கள், மற்ற நாளில் ஒரு காவல்காரர் மட்டும். அந்த நீளத்துக்கு வளவும் (உள்முற்றம்) பட்டாலையும் (கூடம்) இருட்டிக் கிடந்தால் கதை முளைக்காமல் என்ன செய்யும்? பகல் சூட்டில் விரிந்த பர்மாத் தேக்கு ராத்திரிக் குளிரில் சுருங்கி நெரிபடும். மேலே கூகை ஒன்று குடியிருக்கும், வெள்ளை முகம், மனிதர் அலறுவது போன்ற குரல். படம் எடுக்கிறவர்களும் வந்து வந்து பேய் பங்களா என்றால் செட்டிநாட்டு வீடு என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே உள்ளவர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. யாரோ ஒருவரின் ஐயாவும் ஆயாவும் வாழ்ந்து போன வீடு அது. பையனிடம் அதையும் சொல்லி வையுங்கள். விடுதியாக மாற்றிய பழைய வீடு ஒன்றில் ஓர் இரவு தங்குங்கள். அவன் கேட்ட பயம் அங்கேயே சட்டப்படி கிடைத்துவிடும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் காலையில் தேவகோட்டை வழியாகச் சருகணி, பிறகு திருவாடானைப் பக்கம் இறங்கி ஓரியூர். தண்ணீர் கையோடு வேண்டும், அந்தச் சாலையில் கடைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். இன்னொரு நாள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டியோடு சேர்த்துத் திருப்பத்தூர். மூன்றும் ஒரே திசை. காளையார்கோவிலுக்குத் தனியாக அரை நாள். பிப்ரவரி 4-ஐ ஒட்டி வர முடிந்தால் ஓரியூரைக் கூட்டத்தோடு பார்க்கலாம், டிசம்பரில் அமைதியாக இருக்கும்.

நீங்கள் முதலில் கேட்ட அசல் இங்கிலீஷ்காரச் சர்ச்சைப் பார்க்காமல் மகன் ஊருக்குத் திரும்ப மாட்டான் என்றால், திருச்சி வழியாகப் போங்கள். 1821-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச் அங்கே இருக்கிறது. சுற்றிலும் பலகைத் தட்டிக் கதவுகள், வெயில் காலத்தில் அத்தனையையும் திறந்துவிட்டால் மண்டபம் போல் ஆகிவிடும். கல்கத்தா பிஷப்பாக இருந்த ஹீபர் இந்தச் சர்ச்சுக்குள்தான் அடக்கம். 1826 ஏப்ரல் 3 காலையில் கோட்டைச் சர்ச்சில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆசி கொடுத்துவிட்டு வந்து, வெக்கை தாங்காமல் குளிக்கத் தொட்டியில் இறங்கியவர் எழுந்து வரவில்லை. நாற்பத்திரண்டு வயது. திருச்சிக்காரர்களுக்கு இன்று அவர் பள்ளிக்கூடத்தின் பெயர், காலேஜின் பெயர். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரமாகப் பார்த்துப் போனால் கதவு திறந்திருக்கும், சமாதியைக் காட்டச் சொல்லி அங்கேயே யாரையாவது கேட்கலாம்.